கோப்பில் இல்லாத குரல்

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருமுன்பே கேள்வி வந்துவிடும்: "இதக் கையால போட்டது யாரு?" பேச்சுப் பயிற்சி மையத்தின் கணினிகள் எல்லாம் இவர் பொறுப்பு. யாராவது தானாக ஒரு மென்பொருளை நிறுவியிருந்தால், குழந்தையின் வாயில் கல்லைப் பார்த்த தாயைப்போல முகம் மாறும். மையத்தில் எல்லோருக்கும் இவர் கோப்பக்கா.

பட்டப்பெயருக்குக் காரணம் ஒரே ஒரு கோப்பு. எந்தக் கணினியில் என்னென்ன மென்பொருள் இருக்கவேண்டும் என்று அதில் வரிவரியாக எழுதிவைத்திருக்கிறார். ஒரு கட்டளையைத் தட்டினால் போதும். எழுதியது தானே வந்து சேரும், எழுதாதது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். கணினி பழுதாகிப் புதிது வாங்கினாலும் கவலையில்லை, தேநீர் ஆறுவதற்குள் அதுவும் பழையதைப் போலவே வேலைக்குத் தயாராகிவிடும். "எப்படிப் போடணும்னு அதுக்குச் சொல்லாதீங்க. என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த அது பாத்துக்கும்" என்பார். வீட்டிலும் இதே பேச்சுதான். "நானும் என்ன வேணும்னுதான் சொல்றேன், நீ எங்க செய்யற?" என்று கணவர் ஒருமுறை கேட்டதாகக் கேள்வி.

ஆள் கறார். வரவேற்பாளர் பாட்டுக் கேட்க நிறுவிக்கொண்டதைக்கூட விட்டுவைக்கவில்லை. "தேவைன்னா சொல்லுங்க, எழுதறேன். எழுதலன்னா அது இல்ல." ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது போன மாதம் நடந்தது.

வாரம் தவறாமல் மையத்துக்கு வருகிறவர் ஒரு முன்னாள் லாரி ஓட்டுநர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. எழுத்தெழுத்தாகத் தட்டுவார், கணினி அதை வாய்விட்டுச் சொல்லும். அன்று பக்கத்தில் கைபேசியைச் சாய்த்துவைத்து, தொலைவில் இருக்கும் மகளை அழைத்திருந்தார். தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார். "அப்பா, ஒண்ணும் கேக்கலப்பா. என்னாச்சு, உடம்பு முடியலையா?" மகள் பதறிவிட்டாள். மனிதர் திரையைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினார். பார்க்கச் சகிக்கவில்லை.

பயிற்சியாளர் கூப்பிட, கோப்பக்கா ஓடிவந்தார். யார் கை வைத்தது என்று கேட்க வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கை வைத்தது அவரேதான். அந்தக் குரல் மென்பொருளை முந்தின வாரம் ஓர் அவசரத்தில் கையால் நிறுவியிருந்தார், சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று. எழுதவில்லை. அன்று காலை அவர் தட்டிய கட்டளை, கோப்பில் இல்லாத அதைத் துடைத்துப் போட்டுவிட்டது.

வரியைச் சேர்த்தார். கட்டளையைத் தட்டினார். லாரிக்காரர் அவசர அவசரமாக எழுத்துகளைத் தேடித் தட்ட, "ஒண்ணுமில்லம்மா, நல்லாதான் இருக்கேன்" என்றது கணினி. மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அழைப்பு முடிந்ததும் லாரிக்காரர் கோப்பக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா ஏதோ சொல்ல வந்து, முடியாமல், விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். அக்கா தட்டி முடிக்க, லாரிக்காரரின் அந்தக் குரலிலேயே கணினி சொன்னது: "மன்னிச்சிடுங்கண்ணே."