மேனேஜர் ஏறிய மரம்

சென்ற வாரம் அலுவலகத்தில் பக்கத்து மேஜைப் பெண் ஓர் ஆரஞ்சை உரித்தாள். தோலைக் கிள்ளியதும் காற்றில் ஒரு பொடிச் சாரல் தெறிக்குமே, அந்த வாசனை வந்ததுதான் தாமதம், நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டேன். "அலர்ஜியா சார்?" என்று கேட்டாள். "இல்லம்மா, பழைய தோல்வி" என்றேன். காதல் தோல்வி என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தோற்றது ஒரு பூனையிடம்.

அப்போது எனக்கும் ஜெசிக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருடம். மேற்கு மாம்பலத்தில், மின்சார ரயில் போகும்போது அலமாரியில் டம்ளர்கள் சிணுங்கும் தூரத்தில், ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். எங்களுடையது ரெஜிஸ்டர் கல்யாணம். என் வீட்டுக் கோபம் மூன்று மாதத்தில் ஆறிவிட்டது. ஜெசியின் அப்பா அல்போன்ஸின் கோபம் ஆறவில்லை. ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே பெண். அவள் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்பதுதான் அவருடைய வருத்தம். மாப்பிள்ளை வேற்று மதம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்று ஜெசி சொல்வாள். சாந்தோமிலிருந்து மாம்பலம் என்ன தூரம்? ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் அவர் ஒருமுறைகூட அதைக் கடக்கவில்லை.

நான் தி. நகரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அந்த வேலையில் ஒரு கெடுதல் உண்டு. மற்றவர்கள் செய்வதெல்லாம் தப்பு, நாம் பார்த்தால் சரியாகிவிடும் என்ற நினைப்பு வீட்டுக்கும் கூடவே வந்துவிடும்.

டிசம்பர் பிறந்ததும் ஒருநாள் கீழ்வீட்டு மாமி படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "ஜெசி, உனக்கு போன். உங்கப்பான்னு சொல்றார்." வீட்டுச் சொந்தக்காரி. எங்களுக்கு வரும் போனெல்லாம் அவள் கூடத்தில்தான் மணியடிக்கும். ஜெசி இறங்கிப் போனாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரும்பி வரும்போது பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கிறிஸ்மஸ் அன்னிக்கு வர்றாராம். பத்து மணிக்கு."

"வேற என்ன சொன்னாரு?"

"வெச்சிட்டாரு."

எழுந்து மேலே வந்ததும், "எங்க வீட்ல மரம் வைக்காம ஒரு வருஷமும் இருந்ததில்ல" என்றாள். அவ்வளவுதான், நான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாளில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குதான். ஆளுயரச் சவுக்குக் கிளை ஒன்றை வாங்கி என் மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். நுனி ரோட்டில் இழுபட்டு வந்தது எனக்குத் தெரியாது. துரைசாமி சுரங்கப்பாதை அருகில் ஓர் ஆட்டோக்காரர், "இன்னா சார், தெருவ பெருக்கிக்கினே போறியா?" என்றார். வாளியில் மணல் நிரப்பி நட்டோம். பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் வாங்கிய கண்ணாடி உருண்டைகள், ஜரிகை, பஞ்சு. கீழே வைக்கோல் போட்ட சின்னக் குடில், அதில் குழந்தை ஏசு பொம்மை. ஜெசி நாலடி தள்ளி நின்று பார்த்து, என் தோளில் தட்டினாள். எனக்கு அது ஒரு விருது மாதிரி இருந்தது.

இங்கேதான் மேனேஜரை அறிமுகப்படுத்த வேண்டும். சாம்பலும் வெள்ளையும் மஞ்சளுமாக மூன்று நிறத்தில் ஒரு பெண் பூனை. மாமி அதற்குத் தயிர்சாதம் வைப்பாள். ஆனால் அது வாழ்ந்தது எங்கள் மாடியில். காலை ஒன்பது மணிக்கு வந்து ஒவ்வோர் அறையாக மேற்பார்வை பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு இறங்கிப் போகும். அதனால் அந்தப் பெயர். அந்த ஐப்பசியில் எங்கள் பரணிலேயே இரண்டு குட்டிகள் போட்டு, முழுநேரமும் தங்கிவிட்டது. வெளியே விட்டுக் கதவைச் சாத்தினால், ஜன்னலுக்கு மேலே கண்ணாடி உடைந்த வெளிச்சத் துவாரம் வழியாக வந்துவிடும். "குட்டி போட்டதை விரட்டாதேங்கோ, பாவம்" என்று மாமியின் உத்தரவு வேறு.

மறுநாள் காலையில் மரம் குப்புறக் கிடந்தது. மேனேஜர் குடிலின் வைக்கோலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தை ஏசுவைத் தேடி, கேஸ் அடுப்புக்கு அடியிலிருந்து எடுத்தோம். ஜெசி அதை முந்தானையால் துடைத்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "நைனா வர்றதுக்குள்ள இது நிக்கணும்" என்றாள்.

"நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அச்சகத்தில் விசாரித்தேன். பூனைக்கு ஆரஞ்சு வாசனை ஆகாது என்று எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அடித்துச் சொன்னார். மூன்று நாட்களில் இரண்டு டஜன் கமலா ஆரஞ்சைத் தின்று தீர்த்தேன். தோலையெல்லாம் நூலில் கோத்து மரத்தில் தொங்கவிட்டேன். என் வயிறு கெட்டது. குட்டிகள் தோலைப் பிய்த்துப் போட்டுக் கால்பந்து ஆடின. தோலைத் தேடி எறும்பு வந்தது. அடுத்து வாளியைச் சுற்றி மிளகாய்த்தூள் தூவினேன். மேனேஜர் அதைத் தாண்டிக் குதித்தது. நான் குனிந்து பார்த்து, ஒரு மணி நேரம் தும்மினேன். மாமி மேலே வந்து, "இதென்ன, ஆத்துக்குள்ள யாராவது மிளகாய் காயப் போடுவாளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். முப்பது உருண்டைகளில் பதினான்குதான் மிச்சம் இருந்தன.

கிறிஸ்துமஸ் அன்று ஜெசி காலைப் பூசைக்குப் போனாள். "நீங்க மரத்துக்கிட்டயே இருங்க, போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, கதவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். எட்டரை இருக்கும். ஒருக்களித்திருந்த கதவு மெல்ல அசைந்தது. மேனேஜர் அப்படித்தான் தள்ளும். கதவு திறந்தது, அடித்தேன்.

நல்ல உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை. கையில் கேக் பை. பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் ஒன்றரை மணி நேரம் முன்பே வந்துவிட்டார். அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்ததால் தண்ணீர் நேராக முகத்தில் விழுந்தது.

கைக்குட்டையை எடுத்து நிதானமாகத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். இந்த நாளுக்காக ஒன்றரை வருடமாக நான் ஒரு முழுப் பேச்சையே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"பூனைங்க" என்றேன்.

"எத்தினி கீது?"

"மூணு."

உள்ளே வந்து மரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அவர் பார்க்கும்போதே ஒரு குட்டி அடிமரத்திலிருந்து மேலே ஓடி, நுனி நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அவர் அதைப் பிரித்தெடுத்துக் கீழே விட்டு, கேக்கை மேஜையில் வைத்தார். நனைந்த சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பனியனோடு நின்று கூரையைப் பார்த்தார். அந்தக் கால வீடு. தூளி கட்ட நடுக்கூடத்தில் ஓர் இரும்புக் கொக்கி உண்டு.

"கவுறு கீதா?"

கிணற்றுக் கயிறு இருந்தது. "தரையில வெச்சா ஏறத்தான் ஏறும். தூக்கிடலாம். ஹார்பர்ல எவ்ளோ லோடு தூக்கிகீறேன், இது இன்னா" என்றார். நான் ஸ்டூலில் ஏறிக் கயிற்றைக் கொக்கியில் விட்டேன். அவர் வாளிக்கு நாலு பக்கமும் முடிச்சுப் போட்டார். இருவரும் இழுத்தோம். மரம் தரையிலிருந்து இரண்டடி எழும்பி, வாளியோடு அந்தரத்தில் மெதுவாகச் சுழலத் தொடங்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கும்தான்.

நாங்கள் இருவருமே பரணை மறந்துவிட்டோம். மேனேஜர் அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரை பரணுக்கு எட்டாமல் இருந்த மரத்தின் உச்சியை நாங்களே அதன் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம். அது யோசிக்கவே இல்லை. ஒரே தாவல். மரம் ஊஞ்சல் மாதிரி ஆடியது, மணல் கொட்டியது, உருண்டைகள் ஒவ்வொன்றாகப் போயின. நான் ஸ்டூலிலிருந்து சரிந்து குடிலின் மேல் உட்கார்ந்தேன். அவர் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே ஆடினார்.

வாசலில் ஜெசி நின்றுகொண்டிருந்தாள். தலையில் முக்காடு, கையில் ஜெபப் புத்தகம். அவர் அவளைப் பார்த்தார். மரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"நைனா, அத விட்டுடுங்க" என்றாள்.

"இரு இரு, முடிச்சு போட்டுக்கினு கீறேன்" என்றார்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பேசியது இதுதான். மன்னிப்பு, கண்டிப்பு என்று நான் எவ்வளவோ எதிர்பார்த்திருந்தேன். ஜெசி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கயிற்றின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தாள். பிடித்ததும் அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடியே மற்றொரு கையை அவள் தலையில் வைத்தார்.

சத்தம் கேட்டு மாமி வந்தாள். கேக்கைக் காட்டினோம். "முட்டை போட்டிருக்கா?" என்றாள். "போட்டுகீதும்மா" என்றார் மாமனார், மறைக்காமல். "அப்போ நான் வாசனை பாத்துண்டு போறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து, மதியம் வரை அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். மரத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டோம். பூனைகளும் பின்னாலேயே போயின.

அதன் பிறகு ஏழு கிறிஸ்துமஸுக்கு அவர் வந்தார். எட்டாவதற்கு அவர் இல்லை. மாமி மகனோடு இருக்க பெங்களூருக்குப் போய்விட்டாள். வீட்டை பில்டரிடம் கொடுத்தார்கள். நாங்கள் பெருங்குடியில் எட்டாவது மாடிக்கு வந்துவிட்டோம். எந்தப் பூனையும் இவ்வளவு உயரம் ஏறி வருவதில்லை.

போன மாதம் ஒரு வேலையாக அந்தத் தெரு வழியாகப் போனேன். வீடு இருந்த இடத்தில் நான்கு மாடி, கண்ணாடிக் கதவு, வாசலில் கேமரா. எங்கள் கூடம் இருந்த உயரத்தில் இப்போது யாருடைய பால்கனியோ, அதற்கு வலை அடித்திருந்தார்கள். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. காவலாளி எழுந்து வந்து, "யார பாக்கணும் சார்?" என்றார். திடுக்கிட்டு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "இங்க ஒரு பூனை இருந்துது."

"எப்ப காணாப் போச்சு? இன்னா கலரு?"

மூன்று கலர் என்றேன். அவர் அதை அக்கறையாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, கண்ணில் பட்டால் சொல்வதாக என் நம்பரைக் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.