தட்டின் பாட்டில்லாத பக்கம்

ஆர்டெல்லா ஒரு கையைத் தோளுக்கும் மறு கையை இடுப்புக்கும் அடியில் கொடுத்து, மெல்லப் பாடியபடியே கிழவர் கெயின்ஸைப் பக்கவாட்டில் திருப்பினாள். மறுபக்கம் நின்ற நான் அழுக்கு விரிப்பை உருவிக்கொண்டேன்.

“உன் பேரு போட்ட இசைத்தட்டு வந்திருக்காமே. அப்புறம் எதுக்கு இன்னும் என் முதுகைத் துடைக்கிற?” என்றார் கெயின்ஸ்.

“உங்க முதுகு அளவுக்கு அது இன்னும் பெருசாகல.”

நியூவர்க் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் இருவரும் உதவியாளர்கள். தேவாலயப் பாடற்குழு, கல்யாணக் கச்சேரிகள், அடுத்தவர் பாட்டுக்குப் பின்குரல் என்று அலைந்து, முப்பது தாண்டித்தான் அவளுக்கு முதல் தட்டு வந்தது. டிஸ்கோ ஆட்ட இசை செத்துவிட்டதாகப் பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்தில் அது சாகவில்லை. வேகத்தைக் குறைத்து, பேஸ் கிதாரைக் கனமாக்கி, ஃபங்க் இசையின் நடையில் நடந்துகொண்டிருந்தது.

தட்டு எங்கும் ஒலித்தது. ஆனால் ஆட்டக் கூடங்களில் போடுகிறவர்கள் எல்லோரும் அதைத் திருப்பிப் போட்டார்கள். பின்பக்கத்தில் அதே பாட்டு, குரல் இல்லாமல். டிரம், பேஸ், நடுநடுவே தயாரிப்பாளர் ஹாஸ்கின்ஸ் அழிக்காமல் விட்டிருந்த அவளுடைய ஒரு ‘வா’ மட்டும் எதிரொலித்துக் கரையும்.

ஹாஸ்கின்ஸ் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். “ஆடுறவங்களுக்கு அந்தப் பக்கம்தான் பிடிச்சிருக்கு, பேபி. அடுத்த தட்டுக்குக் குரலே வேண்டாம்னு பாக்குறேன். திங்கக்கிழமை முடிவு பண்ணிடுவேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் துண்டு எடுத்துக் கொடுத்திருப்பேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னை ஸ்கேட்டிங் கூடத்துக்கு இழுத்துப் போனாள். சக்கரக் காலணி மாட்டிய கூட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டு போடும் வெண்டெல், அறிவிப்பு மைக்கில் “எல்லாரும் திசை மாத்துங்க!” என்று கத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.

“பாட்டுப் பக்கத்தைப் போடச் சொல்லாதீங்க அக்கா. போட்டா பாதிப் பேரு பாப்கார்ன் வாங்கப் போயிடுவாங்க.”

“வேண்டாம். நீ போடுற பக்கத்தையே போடு. அந்த மைக்கை மட்டும் குடு.”

“இது திசை மாத்தச் சொல்ற மைக்கு.”

“அதுக்குத்தான் கேக்குறேன். ஒரு ஆளு சுத்துறத நிறுத்தினாலும் திருப்பிக் குடுத்துடறேன்.”

அவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

முதலில் தட்டில் உள்ளபடியே வரிகளைப் பாடினாள். வளைவில் இரண்டு பெண்கள் யார் பாடுவது என்று பார்க்க வேகத்தைக் குறைத்தார்கள். பின்னால் வந்தவன் அவர்கள்மேல் மோதப் பார்த்தான். வெண்டெல் மைக்குக்குக் கையை நீட்டினான். ஆர்டெல்லா அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, வரிகளை அப்படியே விட்டுவிட்டாள். சுற்றுகிறவர்களின் கால்களைப் பார்த்துப் பாட ஆரம்பித்தாள். சக்கரங்கள் தள்ளும் இடத்தில் ஒரு சொல், வழுக்கும் இடத்தில் மௌனம். தட்டிலிருந்து அவளுடைய ‘வா’ வந்தபோது, “வந்துட்டேன்!” என்று அதற்கே பதில் பாடினாள். அந்தப் பெண்கள் மறுபடி வேகம் பிடித்தார்கள். அடுத்த ‘வா’வுக்குக் கூட்டமே அவளோடு சேர்ந்து பதில் கத்தியது.

அங்கே ஒருவர் நின்று கேட்டாலும் அவளுக்குத் தோல்வி. யாரும் நிற்கவில்லை.

“இன்னொரு தடவை!” என்று சுற்றியபடியே ஒருவன் கூவினான். வெண்டெல் முள்ளைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைத்தான்.

மறுநாள் காலை அவள் தொண்டை கட்டிப்போய் வேலைக்கு வந்தாள். கெயின்ஸைக் குளிப்பாட்டுவதற்கு முன் தாழ்வாரத்துத் தொலைபேசியில் ஹாஸ்கின்ஸைக் கூப்பிட்டாள்.

“நேத்து ஸ்கேட்டிங் கூடத்துல என்ன ஆச்சுன்னு வெண்டெல்கிட்ட கேட்டுக்குங்க. அடுத்த தட்டுல ரெண்டு பக்கத்துலயும் நான் இருப்பேன். பின்பக்கத்துக்கு வேற மாதிரி பாடுவேன். பதிவு எந்த நாளு? … அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு. அடுத்த நாள் வையுங்க.”

பதிவை அடுத்த நாளே வைத்துக்கொள்ள அவர் சம்மதித்தார். அவள் கைகளைக் கழுவிக்கொண்டு வந்து, வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள்.

“குரல் எங்கே போச்சு?” என்றார் கெயின்ஸ்.

“வேலைக்குப் போயிருக்கு. கையைத் தூக்குங்க.”