ரெண்டு வருஷத்துல வந்துடும்

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடி வாங்க வருவதில்லை; "உனக்கு ஒண்ணும் இல்ல, போ" என்கிற வார்த்தையை வாங்கத்தான் வருகிறார்கள். அந்தச் சரக்கு நம்ம கடையில் என்றைக்குமே ஸ்டாக் இருந்ததில்லை. டோல்கேட் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, மீன்பாடி வண்டியும் கண்டெய்னர் லாரியும் முறைத்துக்கொண்டு நிற்கிற ரோட்டைப் பார்த்தபடி முப்பது வருஷமாக லென்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மருந்துக் கடையோ ஜெராக்ஸ் கடையோ, கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பழகினவர்கள் யாராவது இதைப் படித்தால் என் அவஸ்தை புரியும். நம்மிடம் இல்லாததைத்தான் கேட்பார்கள். இல்லை என்றால் நம்ம மேலேயே கோபம் வரும். எத்தனையோ கஸ்டமர்கள் வந்தார்கள், போனார்கள், சிரித்து மறந்தாயிற்று. சேகர் விஷயத்தில் மட்டும் மனசு ஆறவில்லை. அதனால் அவன் கதையை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டூல்

தொண்ணூறுகளின் கடைசி. சேகர் எர்ணாவூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். முப்பது வயசு இருக்கும். சாயங்காலமானால் கண் மங்குகிறது, ஒரு கண்ணாடி போடுங்க பாய் என்று வந்தான். சார்ட்டைக் காட்டினேன். மேலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரைக்கும் கடகடவென்று படித்தான். அந்தக் கடைசி வரியை நான் படித்தே பல வருஷம் ஆகியிருந்தது. "உனக்குக் கண்ணாடியே வேணாம்பா" என்றேன். சந்தோஷமாக எழுந்தவன், காலடியில் இருந்த ஸ்டூலை இடறித் தள்ளினான். அதை எடுக்கக் குனிந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு கஸ்டமரின் தலையில் முட்டிக்கொண்டான்.

நேரே இருப்பது தெரிகிறது, பக்கவாட்டில் இருப்பது தெரியவில்லை, இருட்டினால் எதுவுமே தெரியவில்லை என்றால் அது கண்ணாடியில் தீருகிற சமாச்சாரம் இல்லை. பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே சொல்லிவிட்டார்கள். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வருகிற பரம்பரை நோய். எங்கேயோ ஒருத்தருக்கு வருவது. அவன் அம்மா சொந்தத் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள், அந்த வழியாக வந்திருக்கலாம். மருந்து கிடையாது, போகப் போகப் பார்வை முழுசாகப் போய்விடலாம். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி என்னிடமே வந்து நின்றான். டாக்டர் சொன்னது தப்பு என்று நான் சொல்ல வேண்டுமாம். சீட்டை வாங்கிப் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவனே சொல்லிக்கொண்டான்: "கண்ணு நல்லாத்தான் கீது பாய், உன் ஸ்டூலுதான் குறுக்க கீது."

சொட்டு மருந்து

அவனுடைய தோஸ்து ஒருவன் ஆந்திரா பார்டரில் ஒரு வைத்தியரைச் சொல்லியிருக்கிறான். இவன் போய் ஒரு பாட்டில் மூலிகைச் சொட்டு வாங்கி வந்துவிட்டான். ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தபோது ரெண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாக இருந்தது. தண்ணீர் நிற்காமல் வழிந்தது. பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தேன். தேன், வெங்காயம், இன்னும் என்னவோ கலீஜ்.

"அடப்பாவி, குழம்புல ஊத்தறத கண்ணுல ஊத்திக்கினு கீறியே, மிச்சம் இருக்கிறதும் பூடும்டா" என்று கத்தினேன். நம்ம வாய் அப்படி. அவன் கோபப்படவில்லை. கர்ச்சீப்பால் ஒத்தி ஒத்தித் துடைத்துக்கொண்டு, எனக்குப் பாடம் எடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான்: "எரியுதுன்னா இன்னா அர்த்தம் பாய்? உள்ள வேல நடக்குதுன்னு அர்த்தம்."

எலி

அதற்கப்புறம் பேப்பர் கட்டிங் ஆரம்பித்தது. வெளிநாட்டில் மரபணுவைச் சரிசெய்து குருட்டு எலிக்குப் பார்வை வரவழைத்தார்களாம். இன்னும் சில வருஷங்களில் மனிதனுக்கும் வரலாம் என்று போட்டிருந்தது. 'சில வருஷம்' சேகர் வாயில் 'ரெண்டு வருஷம்' ஆகிவிட்டது. 'வரலாம்' என்பது 'வந்துடும்' ஆகிவிட்டது. அடுத்த வருஷம் வேறொரு கட்டிங், அதிலும் ரெண்டு வருஷம். "ஏம்பா, அந்த ரெண்டு மட்டும் ஒண்ணாவே ஆவாதா?" என்று கேட்பேன். சிரிப்பான். கட்டிங்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான்.

வெளியேதான் கிண்டல். உள்ளுக்குள் எனக்கும் ஆசைதான். எலிக்கு வந்தது இந்தப் பையனுக்கு வரக்கூடாதா என்று தொழுகையில் அல்லாவிடம் கேட்டிருக்கிறேன். சேகர் சம்சாரம் மல்லிகாவுக்கு அந்த ஆசையும் கிடையாது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, ரெண்டு பெண் குழந்தைகள், பேச்சு கத்திரிக்கோல் மாதிரி இருக்கும். நான் கட்டிங்கைப் படித்துக் காட்டியதும் அவள் சொன்னது இதுதான்: "எலிக்குக் கண்ணு தெரிஞ்சா எனுக்கு இன்னா பாய்? வூட்ல கீற ரேஷன் அரிசி சீக்கிரம் தீரும்."

பூத்

என் கடைக்குப் பக்கத்தில் டெலிபோன் பூத் வைத்திருந்தவர் போலியோவில் கால் சூம்பினவர். ஊனமுற்றவர் என்று சர்ட்டிஃபிகேட் இருந்தால் பூத் கொடுக்கிறார்கள், விம்கோ நகர் ஸ்டேஷன் பக்கம் நல்ல இடம் ஒன்று இருக்கிறது, தெரிந்த ஆள் இருந்தால் சொல்லுங்க பாய் என்றார். அந்தக் காலத்தில் பூத் என்றால் சும்மாவா? ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் க்யூ நிற்கும். காதலியோடு பேச வந்தவனும், துபாயில் இருக்கிற புருஷனோடு பேச வந்தவளும், ஒருத்தரை ஒருத்தர் எப்போ முடிப்பே என்று முறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

மல்லிகாவிடம் சொன்னேன். கும்பிடாத குறைதான். கண் போய்க்கொண்டிருக்கிறவன் எத்தனை நாள் மெஷின் பக்கத்தில் நிற்க முடியும்? பூத் கிடைத்தால் கண் போனாலும் அடுப்பு எரியும். ரெண்டு பெண்களும் படித்துவிடுவார்கள். அவ்வளவும் அந்த ஒரு சர்ட்டிஃபிகேட்டில் இருந்தது. டாக்டரிடம் போனால் கிடைத்துவிடும். சேகர் மாட்டேன் என்றான். என் கடையிலேயே அவள் அழுதாள். "வாங்கி வெச்சுக்கோ சேகரு, மருந்து வந்தா அப்பால வரட்டும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டுக்காது" என்று நான் தாடையைப் பிடித்துக் கெஞ்சினேன். இந்தக் கிறுக்குப் பிடிவாதம் எதற்கு என்று எனக்கு விளங்கவேயில்லை. கடைசியில்தான் காரணத்தைச் சொன்னான். அந்த இடம் வேறு ஒருத்தருக்குப் போய்விட்டது. ஆனால் அவன் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "குருடன்னு கவர்மெண்டுல எயுதிக் குடுத்துட்டா, நாளைக்கு மருந்து வர்றப்போ என்னிய எவன் பாய் வரிசைல நிக்க வுடுவான்?"

டியூப் லைட்

யாரோ ஒரு தனியார் டாக்டர் புது ஊசி போடுகிறார், உள்ளே செல் முளைத்துப் பார்வை திரும்பும் என்று ஒரு தகவல் வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, நிரூபிக்காத வைத்தியம், வேண்டாம் என்றார்கள். நானும் வேண்டாம் என்றேன். நான் எதற்குத்தான் வேணும் என்றேன்? மல்லிகாவின் வளையல் போயிற்று. ஊசி போட்டுக்கொண்டான்.

ரெண்டு வாரம் கழித்து ரெண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். வாசற்படி ஏறி உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "பாய், பளிச்சுனு கீது பாய். எல்லாம் பளிச்சுனு கீது." முகம் பூராவும் சிரிப்பு. கையை நீட்டி நீட்டி ஷோகேஸைக் காட்டினான், சார்ட்டைக் காட்டினான். அந்த வாரம்தான் கடைக்கு வெள்ளை அடித்து, பழைய மஞ்சள் பல்பை எடுத்துவிட்டு நாலு டியூப் லைட் போட்டிருந்தேன். சொல்ல மனசு வரவில்லை. மல்லிகா மேலே அண்ணாந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புருஷன் தோளில் கையை வைத்தாள். அவளுக்கு இப்படி மெதுவாகப் பேசத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது: "பாய் புச்சா லைட்டு போட்டுகீறாருய்யா."

மஞ்சள் போர்டு

கடைசியில் ட்ரில்லிங் மெஷினில் ரெண்டு விரல் நசுங்கியது. கம்பெனியில் மரியாதையாகக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அவனாகவே போய் சர்ட்டிஃபிகேட் வாங்கினான். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, இடம் கிடைத்து, ஒயர் இழுத்து, விம்கோ நகரில் பூத்துக்கான மஞ்சள் போர்டு மாட்டினான். நான் போயிருந்தேன். முதல் போன் நான்தான் போட்டேன். என் வீட்டுக்குப் போட்டு இன்னிக்கு என்ன சமையல் என்று கேட்டேன்.

ஆனால் அதற்குள் உலகம் மாறிவிட்டது. மீன் விற்கிற அம்மா இடுப்பிலும் செல்போன், லாரி கிளீனர் பாக்கெட்டிலும் செல்போன். நாலு வருஷத்துக்கு முன்னால் போட்டிருந்தால் இந்நேரம் குடும்பம் கொஞ்சம் தலை நிமிர்ந்திருக்கும். ஒரு சாயங்காலம் நான் அவனோடு பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சேகர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, ரிசீவரை எடுத்துத் துணியால் துடைத்து வைத்தான். வந்த பையன் எட்டிப் பார்த்துக் கேட்டான்: "அண்ணே, இங்க டாப்-அப் போடுவீங்களா?"

நிஜமாகவே வந்தது

ரெண்டாயிரத்தில் ஆரம்பித்த அந்தப் பத்து வருஷம் முடிகிற சமயம். பூத்தை மூடியாயிற்று. சேகருக்கு இப்போது பகலா இருட்டா என்று மட்டும் தெரியும். வெயில் கூசுகிறது என்று கறுப்புக் கண்ணாடிக்காக மல்லிகா கூட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவனுக்கு நான் போட்ட முதல் கண்ணாடி அதுதான். மூக்கில் சரியாக உட்கார்கிறதா என்று பார்த்தேன். மல்லிகா வெளியே தள்ளுவண்டியில் வாழைப்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. வெளிநாட்டில், பரம்பரையாக வருகிற ஒரு கண் நோய்க்கு, நல்ல மரபணுவைக் கண்ணுக்குள் செலுத்தி, சில பேருக்குக் கொஞ்சம் பார்வை வந்திருக்கிறதாம். சொல்வதா வேண்டாமா என்று மனசுக்குள் ஒரே பேஜாராக இருந்தது. சொல்லிவிட்டேன். "எலிக்கா, மனுசனுக்கா?" என்றான். மனுசனுக்குத்தான் என்றேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னான். படித்தேன். அது வேற வகை, அதுவும் உள்ளே இன்னும் உயிர் இருக்கிற கண்ணுக்குத்தான், உனக்கு ஆகாதுப்பா என்பதையும் சொன்னேன். அழுவான், இல்லாவிட்டால் என்னைத் திட்டுவான் என்று பயந்தேன். அவன் கறுப்புக் கண்ணாடியை ஒரு தரம் சரி செய்துகொண்டு, வாசல் பக்கம் கையைக் காட்டிச் சொன்னான்: "அப்போ நான் வீணா நின்னுகினு இருக்கல பாய். பஸ்ஸு நெசமாவே வந்துச்சு, நம்ம ஸ்டாப்புல நிக்காம பூட்ச்சு, அவ்ளோதான். இத மல்லிகா கையில ஒரு தபா சொல்லு."

வராது என்ற நானும் தப்பில்லை, வரும் என்ற சேகரும் தப்பில்லை. தப்பே செய்யாத ரெண்டு ஆம்பளைகளுக்கு நடுவில் மல்லிகாதான் இன்னமும் ரெண்டு ஷிஃப்ட் தைத்துக்கொண்டிருக்கிறாள்.