கரடி யார் கையால் தின்னும்?

விலங்குக் காட்சிசாலையில் அவருக்குக் கரடிக்காரர் என்றே பெயர். பதினெட்டு வருஷமாக ஒரே கரடிக்குத் தீனி போட்டவர். முழங்கால் தேய்ந்துவிட்டது என்று மேலதிகாரி அவரைப் பறவைப் பிரிவுக்கு மாற்றி, கரடியைப் படித்த பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டார்.

கரடிக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"என் செல்லம் வேற யார் கையாலயும் தொடாது. மூணு நாள் பட்டினி கிடந்தா தன்னால என்னையக் கூப்பிடுவாங்க," என்று வீட்டில் சொன்னார்.

"பதினெட்டு வருஷமா எனக்குச் சக்களத்தி. இப்பத்தான் ஒழிஞ்சா," என்றாள் மனைவி.

காலையில் சாவியை ஒப்படைக்கப் போனார். அந்தப் பெண் கூண்டுப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அனைத்துண்ணி. அப்பத் தீனிக்குக் கவலையில்லண்ணே."

தினமும் அந்தப் பலகையைத் துடைத்தவர்தான். ஆனாலும் திகைத்தார். "அது அதோட இனத்துப் பேருதானேம்மா?"

"இல்லண்ணே. அனைத்துன்னா எல்லாம், உண்ணின்னா உண்ணுறது. இங்கிலீஷ்ல ஆம்னிவோர். அது லத்தீன்லேருந்து வந்தது. ஓம்னின்னா எல்லாம், வோராரேன்னா விழுங்குறது. பழம், மீன், பூச்சி, புல்லு எதையும் விடாது."

நேற்று வந்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா!

"எதையும் விடாதுதான். ஆனா கொடுக்கிறது யாருன்னு பார்த்துத்தான் திங்கும்," என்றார் வெடுக்கென்று.

அவள் தட்டில் தீனியைக் கொட்டி உள்ளே தள்ளினாள். கரடி நிமிர்ந்து கரடிக்காரரைப் பார்த்தது. தின்னாதேடா ராஜா, என் மானத்தைக் காப்பாத்து என்று மனசுக்குள் கெஞ்சினார்.

ராஜா மோப்பம் பிடித்தது. அவ்வளவுதான், தட்டில் தலையைக் கவிழ்த்துவிட்டது. மீன் போயிற்று, பூசணி போயிற்று, கேரட்டும் போயிற்று. கடைசியில் தட்டையும் நக்கியது. துரோகி!

"உங்ககிட்ட முதல் நாள் எப்படிண்ணே?"

பொய் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அந்த நாள் கண்முன் வந்து நின்றது. அன்றைக்கும் இதே வேகம், இதே நக்கல். பார்த்தவுடனே அதுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு என்று அன்று சாயங்காலம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"மிச்சமே வைக்கல," என்றார்.

அவள் முகம் பூரித்துப்போனது. "அப்ப என்னையும் பிடிச்சிருக்குண்ணே!"

அனைத்துண்ணி என்ற சொல்லுக்கு அர்த்தம் சொன்னவளே அவள்தான். கரடிக்காரர் சாவியை நீட்டினார்.

"ஆமாம்மா. ரொம்பப் பிடிச்சிருக்கு."