அக்காவின் லைசென்ஸ்

மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் தொலைத்தொடர்பு உரிம அலுவலகக் கவுண்டர் மீது ஓர் அக்கா கோர்ட்லெஸ் போன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்பதுகளின் நடுப்பகுதி. நான் அங்கே இளநிலை எழுத்தராக இருந்தேன். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு நின்று, மின்னணுத் தொழிற்சாலையில் பத்து வருடம் ஈயம் பற்றவைத்தவர். ஆள்குறைப்பில் வேலை போனதும் வீட்டிலேயே போன் பழுதுபார்க்கத் தொடங்கியிருந்தார்.

"தங்கச்சி, இத நாந்தான் ரிப்பேர் பண்ணேன். தொறந்து பாரு. லைசென்ஸ் கொடுத்துருவீங்கதானே லா?"

கோர்ட்லெஸ் போன் அலைபரப்பும் கருவி. லைசென்ஸ் இல்லாதவர் அதைப் பழுதுபார்ப்பதே குற்றம். திறமைக்குச் சாட்சியாக அவர் கொண்டுவந்தது குற்றத்துக்கும் சாட்சி. விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. தப்பாகத் திருகிய போன் பக்கத்து வீட்டுப் பேச்சை இழுக்கும், அவசர வண்டிகளின் ரேடியோவில் குறுக்கிடும். ஆனால் விதி கேட்டது தொழிற்கல்விச் சான்றிதழ். அது அவரிடம் இல்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் அதிகாரி வெளியே வந்தார். பாரிட் புந்தார் ஊர்க்காரர், கண்டிப்பானவர்.

"இது யாரு போன்?"

"என்னோடது சார்," என்றேன் நான்.

என் சம்பளத்தில் அப்படியொன்றை வாங்கவே முடியாது என்பது அவருக்குத் தெரியும். போனை எடுத்துப் புரட்டினார். மூடியைக் கழற்றி உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யார் செஞ்சதோ, சுத்தமான வேல," என்றார். பிறகு என்னிடம், "அவங்களுக்கு விதியோட மொதப் பக்கத்த மட்டும் காட்டாத. ரெண்டாம் பக்கத்தயும் படிச்சுக் காட்டு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

லைசென்ஸ் உள்ளவரின் மேற்பார்வையில் மற்றவர் பழுதுபார்க்கலாம். அப்படி மூன்று வருடம் வேலை செய்தால் சான்றிதழ் இல்லாமலே தேர்வு எழுதலாம் என்றது இரண்டாம் பக்கம். அத்தனை நாள் கவுண்டரில் இருந்தும் யாருக்கும் நான் அதைப் படித்துக் காட்டியதில்லை. அந்த வெட்கம் இன்றும் எனக்கு உண்டு.

பழைய சந்தைப் பக்கம் ரேடியோ கடை வைத்திருந்த சீனப் பெரியவருக்கு லைசென்ஸ் இருந்தது, கண் மங்கிக்கொண்டிருந்தது. அக்கா அங்கே சேர்ந்தார். மூன்று வருடம் கழித்து எழுதிய தேர்வில் தோற்றார். "பதில் தெரியுது, மலாய்ல எழுத வரல தங்கச்சி," என்று கவுண்டர் முன் அழுதார். அதன்பின் ஆறு மாதம் என் மதிய இடைவேளைகளில் இருவரும் உட்கார்ந்து மலாய் எழுதிப் பழகினோம். மறுமுறை தேறினார்.

இன்று பேரங்காடிகளில் இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்து கைப்பேசிகளைப் பிரிக்கிறார்கள். யாரும் எந்த லைசென்ஸும் கேட்பதில்லை. அவர்களைக் கடக்கும்போதெல்லாம், பதவி உயர்வு பெற்று நான் அந்த ரேடியோ கடைக்குச் சோதனைக்குப் போன நாள் நினைவுக்கு வரும். பெரியவர் தன் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். ஆனாலும் பூதக்கண்ணாடியோடு குனிந்து ஒரு போனைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இவருக்கு லைசென்ஸ் இருக்காக்கா?" என்று அலுவலகக் குரலில் கேட்டேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸில் தன் பெயரைக் காட்டினார்.

"இல்ல லா. இவரு என் மேற்பார்வையில இருக்காரு."