கிட்டாருக்குப் பல் கட்டியவள்

என் அக்கா பல் கட்டுபவள். டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். கிளினிக்கின் பின்கட்டில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அந்த அளவுக்குப் பல் செட் செய்வது இவள். ஊரில் பாதிக் கிழடுகள் இவள் புண்ணியத்தில்தான் சிரிக்கின்றன. ஆனால் பேச்சு என்னவோ 'டாக்டருக்குக் கைராசி' என்றுதான். எனக்கு அதில் பொருமல் உண்டு, அவளுக்குக் கிடையாது. தெருவில் அவளுக்குப் 'பல்லக்கா' என்று பெயர். "என்ன பல்லக்கா, பல்லக்கு எங்க? நடந்து போற?" என்று நானும் வாரிவிடுவேன்.

அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். சுமாராகத்தான் பாடுவார், ஆனால் நாள் தவறாமல் பாடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெட்டும் இயந்திரம் அவர் இடது கையில் இரண்டு விரல்நுனிகளை எடுத்துக்கொண்டது. கம்பியை அழுத்த வேண்டிய விரல்கள். புண் ஆறியதும் கிட்டாரை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். பாட்டும் அதோடு போயிற்று. குளிக்கும்போதுகூட ஒரு முணுமுணுப்பு இல்லை. அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"வலது கையால அழுத்தட்டும், இடது கையால மீட்டட்டும். என்ன கெட்டுப்போச்சு?" என்று கிளம்பிவிட்டாள். கடையில் பயணத்துக்குத் தூக்கிப் போகிற குட்டிக் கிட்டார் ஒன்று இருந்தது. அதில் விரல் எட்ட வேண்டிய தூரம் குறைவு, புதிதாகப் பழகும் கைக்கு வசதி. கடைக்காரர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"கம்பிய மாத்திப் போட்டு வாசிக்கிறதெல்லாம் சரிப்படாது மேடம். ஒரு வாரத்துல திருப்பிக் குடுத்துடுங்க, வாங்கிக்கறேன். ஆனா மரத்துல கைவச்சுட்டா எடுக்க மாட்டேன். இது ஒண்ணும் பல் செட் இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் ஆறு கம்பிகளையும் கழற்றி, வரிசையைத் தலைகீழாக்கிப் பூட்டினாள். அங்கேதான் இடித்தது. கழுத்தின் உச்சியில் கம்பிகள் படுத்துக்கொள்ள ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. ஒவ்வொரு கம்பிக்கும் அதன் தடிமனுக்கேற்ற பள்ளம். வரிசை மாறியதும் தடிக் கம்பி சின்னப் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொண்டது. மெல்லிய கம்பி, அப்பாவின் செருப்பைப் போட்ட குழந்தையைப் போல, பெரிய பள்ளத்துக்குள் தடதடத்தது. மாமா ஒரே ஒரு தடவை மீட்டிப் பார்த்தார்.

"விட்டுடும்மா. ஞாயித்துக்கிழம போய்க் குடுத்துட்டு வந்துடலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா கிட்டாரைத் தன் பல் பட்டறைக்கு எடுத்துப் போனாள். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வெள்ளைப் பட்டையைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்தபோது ஓரத்தில் துளி மரமும் சேர்ந்து வந்தது. "போச்சுக்கா. இனிமே கடைக்காரன் வாங்க மாட்டான்" என்றேன்.

"வாங்க வேணாம்" என்றாள்.

பல்லுக்கான வெள்ளைப் பொடியைக் கரைசலில் குழைத்து ஊற்றி, இறுகியதும் அறுத்து, ஊசி அரத்தால் ஆறு பள்ளங்களையும் எதிர்வரிசையில் ராவினாள். கீழே, கம்பிகள் ஏறி இறங்கும் இன்னொரு பட்டைக்கும் புதிதாக ஒன்று செய்தாள். அது மரத்தில் வெட்டியிருக்கும் காடியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்த்தாள் தெரியுமா? பல் செட் கட்டியவர்களைக் கடிக்கச் சொல்லும் நீலக் காகிதத்தை அடியில் வைத்து அழுத்தினாள். தூக்கி நின்ற இடத்தில் நீலம் ஒட்டியது. ராவினாள். மறுபடி அழுத்தினாள். நீலம் சீராகப் பரவும்வரை விடவில்லை. எந்தக் கிட்டார்க் கடைக்காரனுக்கு வரும் இந்த யோசனை?

ஆனால் அந்தப் பழக்கமே காலையும் வாரியது. கொஞ்சம் உயரம் தெரிந்தாலும் ராவு என்று இருபது வருடமாகப் பழகிய கை. மேல்பட்டையில் மூன்றாவது பள்ளத்தில் இரண்டு இழுப்பு கூடுதலாகப் போய்விட்டது. கம்பி கீழே உரசிக் கொர்ரென்றது. பள்ளத்தைத் தூர்க்க வெள்ளைப் பொடியைத் தேடினால் டப்பா காலி. இருந்தது ஈறு செய்யும் ரோஸ் பொடி மட்டும்தான். வேறு வழியில்லாமல் அதையே வைத்து அடைத்து, மறுபடி அளந்து ராவினாள். வெள்ளைப் பட்டையின் நடுவே ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு. அக்காவுக்கு மானமே போன மாதிரி முகம் சுண்டிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை மாமாவின் மடியில் திருப்பி வைத்தாள். பதற்றத்தில், தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை வாயில் வந்துவிட்டது.

"ம், கடிச்சுப் பாருங்க."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "கிட்டாரையா?"

இரண்டு வருடமாக அடைத்துக்கிடந்த சிரிப்பு மொத்தமும் வெளியே வந்தது. சிரித்துக்கொண்டே வலது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தேடித்தேடி வைத்து, இடது கட்டைவிரலால் மீட்டினார். ஆறு கம்பியும் பேசின. ஒன்றுகூடக் கொர்ரென்னவில்லை. அக்கா அடுப்பைப் பார்க்கப் போகிறவளைப் போல உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது ஆறு மாதமாகிறது. மாமாவின் வலது கை இன்னும் தடுக்கி விழுந்துதான் நடக்கிறது, ஆனால் பாட்டு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குத் தேறிவிட்டார். போன வாரம் அக்கா வெள்ளைப் பொடியுடன் வந்தாள். "அந்த ரோஸ் பொட்டு அசிங்கமா இருக்கு. குடுங்க, புதுசா ஒண்ணு போட்டுத் தரேன்."

மாமா கிட்டாரை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

"தொடாத. நீ கட்டுன பல்லு ஊரெல்லாம் சிரிக்குது, ஒண்ணுலயாவது உன் பேரு இருக்கா? இதுல இருக்கு."