ஷெத்லி தடுக்கிய இடம்

துனிஸ் நகரின் நடுவில், டிராம் திரும்பும் முனையில் இருக்கிற ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டே கடைகள். ஒன்று என்னுடைய மூக்குக்கண்ணாடிக் கடை. மற்றது லெல்லா நெஜியாவின் உணவகம். அங்கே இருபத்திரண்டு வருடமாகப் பரிமாறுகிறவர் ஷெத்லி. சிலியானா பக்கத்து ஊரிலிருந்து பதினெட்டு வயதில் வந்து, ரொட்டிக் கடை, ரயில் நிலையச் சிற்றுண்டிக் கடை என்று சுற்றிவிட்டு இங்கே நிலைத்தவர். ஒரு கையில் நான்கு தட்டு, மறு கையில் தேநீர்க் கோப்பைகள், வாயில் யாரைப் பற்றியாவது ஒரு கிண்டல். உணவகத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு கல்படி இருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. கால் தானாக ஏறும், தானாக இறங்கும்.

போன வருடம் மார்ச்சில் நெஜியா கடையின் முகப்பை மாற்றினார். இளசுகள் எல்லாம் ஏரிக்கரைப் பக்கத்துப் புது உணவகங்களுக்குப் போய்விடுகிறார்கள் என்று அவருக்குக் கவலை. வரைந்து கொடுத்தவர் இனெஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர். முன்சுவரை இடித்துவிட்டு, மடித்து ஒதுக்குகிற கண்ணாடிக் கதவுகள் வைத்தார். படியை எடுத்தார். உள்ளேயும் வெளியேயும் ஒரே தரை. கறுப்பும் வெள்ளையுமாக ஒரே கட்டம் போட்ட ஓடு.

"தெருவுல நடக்கிறவங்களுக்கு உள்ள வந்துட்டோம்னே தெரியக் கூடாது" என்றார்.

அப்படியேதான் ஆயிற்று. டிராமுக்கு ஓடுகிறவர்கள் மேசைகளுக்கு நடுவே வந்து நின்று விழித்தார்கள். சாப்பிட வந்தவர்கள் எங்கே நின்று இடம் கேட்பது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். முதல் நாள் மதியமே ஷெத்லி கால் தடுக்கி, முட்டை வைத்துப் பொரித்த மூன்று பிரிக்கையும் வழக்கறிஞர் சி முராதின் மடியில் கொட்டினார். முட்டைக் கரு கால்சட்டையில் வழிந்தது.

"ஏன்யா ஷெத்லி, எதிர்க்கட்சி வக்கீல் உன்னை ஏவி விட்டானா?" என்றார் முராத். எல்லாரும் சிரித்தார்கள். ஷெத்லியும் சிரித்தார்.

மறுநாளும் தடுக்கியது. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்து என் கடைக்குள் வந்து, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் கண்ணைப் பாரு."

பார்த்தேன். இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. படிக்கிற கண்ணாடியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. சொன்னதும் அவர் முகம் இருண்டுவிட்டது.

"அப்ப தலையிலதான் இருக்கு" என்றார்.

அவருடைய அப்பா அறுபது வயதில், வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே வழி தெரியாமல் நின்றவர். ஷெத்லிக்கு ஐம்பத்தேழு. சீருடை தைக்கிற கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி சலுவாவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. தன்னைத் தானே சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். டிராம் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்வார். சலுவாவின் கூடப்பிறந்தவர்கள் ஏழு பேரையும் சொல்வார். ஒரு நாள் ஆறோடு நின்றுவிட்டது.

மருத்துவமனையில் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். மூன்றுதான் வந்தது. "இப்ப எதுவும் உறுதியாச் சொல்ல முடியாது, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார் மருத்துவர். இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் நெஜியா அவரைப் பரிமாற விடாமல் காப்பி இயந்திரத்தின் அருகே நிறுத்திவிட்டார்.

"கொஞ்ச நாள்தான் ஷெத்லி. நீ விழுந்து எலும்பை ஒடைச்சுக்கிட்டா சலுவாவுக்கு யார் பதில் சொல்றது?"

அன்றோடு தட்டு தூக்குவது நின்றது. கிண்டலும் நின்றுபோனது.

ஜூன் மாதம் இனெஸ் முகப்பைப் படம் எடுக்க வந்தார். ஒரு பத்திரிகை கேட்டிருந்ததாம். வெயில் சரியான கோணத்துக்கு வரட்டும் என்று என் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"இங்க நிறையப் பேர் தடுக்குவாங்களா? பதினோரு பேரை எண்ணிட்டேன். எல்லாரும் ஒரே இடத்துல."

"ஷெத்லிக்கு மட்டும்தான்னு நெனச்சோம்" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் நாள் முழுவதும் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவன்.

அவர் உணவகச் சமையலறையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி, எல்லாரும் தடுக்கிய இடத்தில் தரையில் வைத்தார். அது தெருவை நோக்கி உருள வேண்டும். கோணலாக என் கடைப் பக்கம் உருண்டது. வரைபடத்தில் சரிவு தெருவுக்குத்தான். கொத்தனார் மழைத்தண்ணீரைப் பழைய சாக்கடைக்குத் திருப்புவதற்காகத் தரையைப் பக்கவாட்டிலும் சாய்த்திருக்கிறார். சொல்லிவிட்டுத்தான் செய்தேன் என்று அவர் பிறகு சாதித்தார். சொல்லவே இல்லை என்றார் இனெஸ். அது இன்றுவரை தீரவில்லை.

இனெஸ் காப்பி இயந்திரத்தின் அருகே போனார். "மாமா, ஒரு தடவை நடந்து காட்டுங்களேன்."

ஷெத்லி காலிக் கோப்பைகளோடு நடந்தார். அதே இடத்தில் தடுமாறினார்.

"இப்ப கண்ணை மூடிக்கிட்டு நடங்க."

"என் கோப்பை எல்லாம் போச்சு" என்றார் நெஜியா.

ஷெத்லி கண்ணை மூடிக்கொண்டு நடைபாதை விளிம்பு வரை போய்த் திரும்பி வந்தார். ஒரு கோப்பைகூடச் சத்தமிடவில்லை. கண்ணைத் திறந்து நடந்தார், மறுபடி தடுமாறினார். அங்கேயே நின்று தன் காலைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"இதுல எதை நம்பச் சொல்றீங்க? கண்ணையா, காலையா?"

"தரைதான் தப்பு மாமா. கட்டம் போட்டிருக்கிறதால சமமாத் தெரியுது. ஆனா பக்கவாட்டுல சாயுது, கண்ணை நம்பினா கால் இடறுது. தப்பு என்னோடது."

ஆகஸ்டில் வெளித்தரையைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான சாம்பல் நிறக் கல் பதித்தார்கள். படி இருந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புக் கல் பட்டை. பத்திரிகைக்குப் படம் போகவில்லை. "இந்த ஊர்லயே ஒரே வருஷத்துல ரெண்டு தடவை வாசல் வச்சவ நான்தான்" என்று நெஜியா வருகிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொண்டார். தெருவில் போகிறவர்கள் பட்டையைக் கண்டால் விலகிப் போனார்கள். சாப்பிட வருகிறவர்கள் அதன் மேல் நின்று இடம் கேட்டார்கள். ஷெத்லி பழையபடி தட்டுகளை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் தடுமாறவில்லை.

செப்டம்பரில் சலுவாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். இந்த முறை நான்கு சொற்கள் வந்தன. அடுத்த வருடம் வரச் சொன்னார்கள். மறுநாள் என் கடையில் வந்து உட்கார்ந்தார்.

"நல்ல சேதிதானே?" என்றேன்.

"தெரியல. தரைதான் காரணம்னா, சலுவாவோட தங்கச்சி பேரு ஏன் மறந்துச்சு?"

"பயத்துல மறந்திருக்கும்."

"முதல்ல பயந்தேனா, முதல்ல மறந்தேனா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் நிறுத்தம் மாறி இறங்கி, நனைஞ்சுக்கிட்டே நடந்து வந்தேனே, உன்கிட்டகூடச் சொல்லிச் சிரிச்சேன். அது படி இருந்தப்பவா, எடுத்ததுக்கு அப்புறமா?"

யோசித்துப் பார்த்தேன். அவர் மேல்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது நினைவில் இருந்தது. ஜனவரி மழையாக இருக்கலாம். ஆனால் ஏப்ரலிலும் நல்ல மழை பெய்தது.

"ஞாபகம் இல்ல" என்றேன்.

"உனக்குமா?" என்று கேட்டுவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா, இன்னும் பயமாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே சி முராத் மேசையைத் தட்டினார். ஷெத்லி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.